முதல் தனித் தளம்: பார்ப்பவர்கள் பாராட்டுகிறார்கள், படிப்பவர் யாருமில்லை

கேள்வி: 6 ஜனவரி 2024

மூன்று வாரம் உட்கார்ந்து எனக்கென ஓர் இணையதளம் உருவாக்கினேன். பழைய கைக்கடிகாரங்களைப் பழுதுபார்ப்பது பற்றிப் பதினொரு கட்டுரைகள் போட்டிருக்கிறேன். கருநீலப் பின்னணி, அதில் சாம்பல் நிற எழுத்து, முகப்பில் திரை முழுக்க ஒரு கடிகாரத்தின் உட்புறப் படம். பார்த்தவர்கள் எல்லோரும் அழகாக இருக்கிறது என்கிறார்கள். எந்தக் கட்டுரை பிடித்தது என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள். பிழை வடிவமைப்பிலா, என் எழுத்திலா?

பதில்: 6 ஜனவரி, இரவு 9.40

எழுத்தில் இல்லை. இரண்டு கட்டுரைகளை நகலெடுத்து வேறு கோப்பில் ஒட்டிப் படித்தேன், தடையில்லாமல் ஓடின. அப்படி நகலெடுத்தால்தான் படிக்க முடிந்தது என்பதே உங்கள் கேள்விக்கு விடை.

கைப்பேசியில் திறந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். படம் முழுதாக வரக் காத்திருந்தேன். வந்த பிறகு முதல் வாக்கியத்தை எட்ட மூன்று முறை விரலால் தள்ள வேண்டியிருந்தது. எட்டியபோது எழுத்து மங்கலாக, நெருக்கமாக இருந்தது. அழகான படம் ஒன்றைப் பார்த்த நிறைவு ஏற்கெனவே கிடைத்துவிட்டதால், பலரும் அங்கேயே திரும்பிவிடுவார்கள். ‘அழகாக இருக்கிறது’ என்று அவர்கள் சொன்னது பொய்யில்லை. பார்த்ததைத்தான் சொன்னார்கள்.

நான் சொல்லும் முதல் வேலை இது: அலங்காரம் அத்தனையையும் கழற்றிவிடுங்கள். நிறம், அளவு, இடைவெளி எல்லாம் எழுதியிருக்கும் சி.எஸ்.எஸ். கோப்பைத் தற்காலிகமாக நீக்கிவிட்டு, தலைப்பு, பத்தி, பட்டியல், இணைப்பு ஆகியவை மட்டும் உள்ள வெற்று எச்.டி.எம்.எல். பக்கத்தை, அதாவது அலங்காரமில்லாத உள்ளடக்கத்தை, உலாவியில் திறங்கள். 1991-இல் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய முதல் இணையதளம் ஏறத்தாழ அப்படித்தான் இருந்தது. வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து, இணைப்புகள். அந்த நிலையில் உங்கள் கட்டுரை புரிகிறதா, எது தலைப்பு, எது உள்ளடக்கம், அடுத்து எங்கே போவது என்பது தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அஸ்திவாரம் உறுதி. அதன் பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஒவ்வொன்றையும் சேர்க்கும்போது, இது படிப்பவருக்கு எதை எளிதாக்குகிறது என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் சேர்க்க வேண்டாம்.

வெற்றுப் பக்கமே கைப்பேசியிலும் ஒழுங்காகத் தெரியும். அது இன்னொரு நன்மை.

6 ஜனவரி, இரவு 11.05

தூங்கப் போகுமுன் உங்கள் நிறங்களை அளந்து பார்த்தேன். நிறக் குறியெண்ணில் சொன்னால், பின்னணி #000080, எழுத்து #808080. எழுத்து பின்னணியிலிருந்து எவ்வளவு பிரிந்து தெரிகிறது என்பதைக் காட்டும் ஒளிர்வு வேறுபாட்டு விகிதம் 4-ஐச் சற்றே தாண்டுகிறது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல்தன்மை வழிகாட்டி, 2008-இல் வந்த இரண்டாம் பதிப்பிலிருந்தே, சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும் என்கிறது. பெரிய எழுத்துக்கு 3 போதும். இன்னும் கண்டிப்பான நிலைக்கு 7. கண்ணை நம்ப வேண்டாம், அளக்கும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

8 ஜனவரி

பின்னணியை வெள்ளையாக மாற்றிவிட்டீர்கள், நல்லது. ஆனால் தேதிக்கும் படக்குறிப்புக்கும் #999999 வைத்திருக்கிறீர்கள். வெள்ளை மேல் அது 2.85 தான். முன்பிருந்ததைவிட மோசம். வெள்ளைத் தாளில் சாம்பல் எழுத்து வேண்டுமானால் #767676 தான் எல்லை, அது 4.54. ஓர் எண் தள்ளி #777777 என்று வைத்தால் 4.48-க்கு இறங்கிவிடும். நான் #595959 பயன்படுத்துகிறேன். 7 கிடைக்கிறது, பார்க்கவும் மென்மையாகவே இருக்கிறது.

சிறிய எழுத்தை மங்கலாகவும் ஆக்குவது ஏன் எல்லோருக்கும் பிடித்த வழக்கமாகிவிட்டது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். தேதி முக்கியமில்லை என்று எழுதியவர் நினைக்கிறார். கடிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உங்கள் பக்கத்தைத் தேடி வந்தவருக்கு, இந்தக் குறிப்பு போன மாதம் எழுதியதா, பத்து ஆண்டுக்கு முந்தியதா என்பது முக்கியம்.

9 ஜனவரி

வரி இடைவெளி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் இதில்தான் நான் அதிக நாள் தடுமாறினேன்.

என் முதல் தளத்துக்கு ஆயத்த வார்ப்புரு ஒன்றை எடுத்தேன். அது ஆங்கிலத்துக்காகச் செய்தது. வரி இடைவெளி எழுத்தளவைப் போல 1.3 மடங்கு என்று இருந்தது. ஆங்கிலத்தில் மாதிரிப் பத்தியைப் பார்த்தபோது நேர்த்தியாக இருந்தது. தமிழைப் போட்டதும் பக்கம் முழுக்க முட்புதர்போல் ஆகிவிட்டது. காரணம் தெரியாமல் எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒருநாள் பக்கத்தைப் பெரிதாக்கி உற்றுப் பார்த்தபோதுதான் புரிந்தது. தமிழில் எழுத்துகள் மேலும் கீழும் நீள்கின்றன. ‘கி’, ‘மீ’, ‘ழ்’ ஆகியவற்றில் கொக்கியும் சுழியும் புள்ளியும் மேலே ஏறுகின்றன. ‘து’, ‘ஞு’, ‘ணூ’, ‘லூ’ ஆகியவை கீழே இறங்குகின்றன. மேல்வரியின் உகர வால் கீழ்வரியின் இகரக் கொக்கியில் போய் இடித்துக்கொண்டிருந்தது. கண் அடுத்த வரியைப் பிடிக்கும் வழியையே அந்த இடிபாடு மூடியிருந்தது.

இடைவெளியை 1.7 ஆக்கினேன். அவ்வளவுதான், பக்கம் மூச்சுவிட்டது. அணுகல்தன்மை வழிகாட்டியின் உயர்நிலை, பத்திக்குள் குறைந்தது 1.5 கேட்கிறது, தமிழுக்கு 1.6-இலிருந்து 1.8 வரை வைத்துப் பார்த்து முடிவு செய்யலாம். 1.7 என்று வெறும் எண்ணாகவே எழுதுங்கள். பிக்சல் கணக்கில் கொடுத்தால், பெரிய தலைப்பும் பத்திக்குரிய அதே இடைவெளியை வாங்கிக்கொள்ளும். இரண்டு வரித் தலைப்பின் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்.

எழுத்தளவு: பெரும்பாலான உலாவிகளில் இயல்பான அளவு 16 பிக்சல். தமிழுக்கு நான் அதைச் சற்றே கூட்டி 18 வருமாறு வைக்கிறேன். ‘ஞ’, ‘ண’, ‘ஷ’ போன்றவற்றின் உள்வளைவுகள் சிறிய அளவில் அடைபட்டுவிடும். ஆனால் 18 பிக்சல் என்று நிலைநிறுத்தாதீர்கள். உலாவியின் அடிப்படை எழுத்தளவை வைத்துக் கணக்கிடும் ‘ரெம்’ என்ற அலகில், 1.125 ‘ரெம்’ என்று எழுதுங்கள். இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்; வேறுபாடு எனக்குத் தெரிய வந்தது என் அம்மாவால். அவர் தம் உலாவியின் அமைப்பில் எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்திருந்தார். மற்ற தளங்கள் அதற்கேற்பப் பெரிதாயின. என் தளத்தில் நான் பிக்சலில் அளவைக் கட்டிப்போட்டிருந்ததால் எழுத்து அசையவே இல்லை. “உன்னுடையது மட்டும்தான் எனக்குப் படிக்க வரவில்லை” என்றார். அன்று மாலையே எல்லா அளவுகளையும் மாற்றினேன்.

9 ஜனவரி, சற்றுப் பின்

மேலே சொன்னதோடு ஒன்று: பத்திகளுக்கு நடுவிலான இடைவெளி, வரி இடைவெளியைவிடத் தெளிவாகவே கூடுதலாக இருக்க வேண்டும். வரியை விரித்துவிட்டுப் பத்தியை அப்படியே விட்டால் எது எங்கே முடிகிறது என்பது தெரியாமல் போய்விடும்.

10 ஜனவரி

முதல் குறிப்பில் ஒரு பிழை. வெற்றுப் பக்கம் கைப்பேசியிலும் ஒழுங்காகத் தெரியும் என்று எழுதிவிட்டேன். நீங்கள் செய்து பார்த்துவிட்டு எறும்பு வரிசைபோல் தெரிகிறது என்கிறீர்கள். உங்கள்மேல் தவறில்லை, ஒரு வரியை நான் சொல்லாமல் விட்டேன்.

கைப்பேசி உலாவிகள், பக்கம் கணினிக்காகச் செய்தது என்று எண்ணிக்கொண்டு, தம் திரை ஏறத்தாழ 980 பிக்சல் அகலம் என்பதுபோல் அதை வரைந்து, பிறகு முழுவதையும் சுருக்கிக் காட்டும். 2007-இல் முதல் ஐஃபோன் வந்தபோது கைப்பேசிக்கென்று செய்த தளங்கள் குறைவு. கணினித் தளங்களைச் சிறு திரையில் காட்ட ஆப்பிள் கண்ட வழி அது. அதிலிருந்து விடுபட, பக்கத்தின் தலைப்பகுதியில் ‘வியூபோர்ட்’ குறிப்பு ஒன்றைச் சேர்த்து, அகலம் சாதனத்தின் அகலமே என்று சொல்ல வேண்டும். ஒரே வரி. எந்த வழிகாட்டிக் கட்டுரையிலும் அந்த வரி கிடைக்கும்.

நகலெடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பழைய மாதிரிகள் சிலவற்றில், பயனர் பெரிதாக்குவதைத் தடுக்கும் சொற்களும் அதே வரியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை வெட்டிவிடுங்கள். இரண்டு விரலால் எழுத்தை விரித்துப் படிக்க வேண்டியவரிடம் அந்த வசதியைப் பறிப்பது எனக்குக் கோபம் வரவழைக்கும் செயல்.

12 ஜனவரி

உங்கள் பத்திகளின் இரு ஓரங்களையும் நேராக்கி வைத்திருக்கிறீர்கள். அச்சுப் புத்தகம் போல் இருக்க வேண்டும் என்ற ஆசை புரிகிறது, எனக்கும் இருந்தது. ஆனால் ‘பழுதுபார்த்துக்கொண்டிருந்திருக்கலாம்’ என்ற ஒற்றைச் சொல் கைப்பேசியில் ஒரு வரியில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். பக்கத்தில் ஒரு சிறு சொல் மட்டும் மிஞ்சும். இரு ஓரமும் நேராக வேண்டுமென்றால் உலாவி அந்த இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளத்தை வெட்டும். அச்சில் கோப்பவர்கள் தேவையான இடத்தில் சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவார்கள். உலாவி சொல்லை உடைக்காமல் இடைவெளியை மட்டும் இழுத்தால் வருவது இந்தப் பள்ளங்கள்தான். இடது ஓரம் மட்டும் நேராக இருக்கட்டும்.

தலைப்புகளில் எழுத்துக்கு எழுத்து இடைவெளி கூட்டியிருக்கிறீர்கள். அதையும் எடுத்துவிடுங்கள். ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகளுக்கு அது பொருந்தும். தமிழில் எழுத்து எங்கே முடிகிறது, சொல் எங்கே முடிகிறது என்ற வேறுபாடு குறைந்து, ஒரு சொல் இரண்டாகத் தெரியத் தொடங்கும்.

சாய்வெழுத்தும் அதே வகைதான். தமிழ் எழுத்துருக்களில் சாய்வுக்கென்று தனியே வரைந்த வடிவம் இருப்பது அரிது. நீங்கள் சாய்வு கேட்டால் உலாவி நிமிர்ந்த எழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்க்கும். தமிழில் அழுத்தம் கொடுக்க நமக்குச் சொல்லே இருக்கிறது. ‘தான்’, ‘மட்டும்’, ஏகாரம் போதும். தடித்த எழுத்து வேண்டுமென்றால் தடித்த வடிவம் உண்மையிலேயே உள்ள எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் உலாவி மையை அப்பிவிட்டதுபோல் காட்டும். ‘ற’-வும் ‘ஞ’-வும் கறுப்புத் திட்டுகளாகிவிடும்.

12 ஜனவரி, மாலை

இணைப்புகளின் அடிக்கோட்டை நீக்காதீர்கள். நிற வேறுபாடு தெரியாதவர்களுக்கு அந்தக் கோடுதான் அடையாளம். ‘இங்கே சொடுக்கவும்’ என்று ஒன்பது இடத்தில் இருக்கிறது. திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் பயன்படுத்துபவர்கள் பக்கத்தின் இணைப்புகளை மட்டும் பட்டியலாகக் கேட்பதுண்டு. ஒன்பது முறை ‘இங்கே சொடுக்கவும்’ என்று கேட்டால் அவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? ‘சமன்சக்கரத்தைக் கழற்றும் முறை’ என்ற சொற்களையே இணைப்பாக்குங்கள்.

15 ஜனவரி

நேற்று தனிச்செய்தியில் ஒரு வரிக்கு 65 எழுத்து என்று உங்களுக்குச் சொன்னேன். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அது லத்தீன் எழுத்துகளுக்கான கணக்கு. 45-இலிருந்து 75 எழுத்துகள் வரை என்று அச்சுக்கலையில் நெடுநாளாகச் சொல்லி வருவது அங்கிருந்து வந்ததுதான். தமிழில் எதை ஓர் எழுத்து என்று எண்ணுவது? ‘கொ’ நமக்கு ஓரெழுத்து. கணினிக்கு இரண்டு குறிகள். கண்ணுக்கு மூன்று உருவங்கள். சி.எஸ்.எஸ்.-இல் ‘சிஎச்’ என்ற அலகால் அகலத்தைக் கொடுக்கலாம். நானும் அதைத்தான் பயன்படுத்தியிருந்தேன். அது பூஜ்யம் என்ற இலக்கத்தின் அகலத்தை அளவாகக் கொள்கிறது. பூஜ்யத்தைவிட நம் ‘ண’ எவ்வளவு அகலம்! அதனால் 65 என்று கொடுத்தாலும் உள்ளே நிற்பது அதைவிடக் குறைவுதான்.

நேற்று இரவு என் தளத்தில் சொற்களை எண்ணினேன். கணினித் திரையில் வரிக்கு ஏழெட்டு. படிக்க இதமாக இருந்தது. அகலத்தைக் கூட்டிப் பதினைந்து சொல் வருமாறு செய்தபோது, வரி முடிந்து இடப்பக்கம் திரும்பும் கண் இரண்டு முறை அதே வரிக்கே போய் நின்றது. ஆகவே எழுத்தை எண்ண வேண்டாம், சொல்லை எண்ணுங்கள். ஏழிலிருந்து பத்து. அதற்குமேல் அகலமான திரையில் இருபுறமும் வெற்றிடம் கிடக்கட்டும். வெற்றிடத்தைப் பார்த்து, இங்கே ஒரு பக்கப்பட்டி வைக்கலாமே என்று கை துறுதுறுக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

16 ஜனவரி

எழுத்துருவைப் பற்றி இரண்டு மனம் எனக்கு. முதலில் நோட்டோ செரிஃப் தமிழைத் தளத்தோடு சேர்த்து அனுப்பச் சொல்லலாம் என்றிருந்தேன். அழகான எழுத்துரு, நீண்ட கட்டுரைக்கு ஏற்றது. முக்தா மலர், ஹிந்த் மதுரை, மீரா இனிமை, பவனம் என்று உரிமச் சிக்கல் இல்லாத நல்ல எழுத்துருக்கள் இப்போது பல உள்ளன. நான் தொடங்கிய காலத்தில் லதா என்ற எழுத்துருவை விட்டால் வேறு போக்கிடம் தெரியாது.

ஆனால் முதல் தளத்துக்கு எழுத்துருவே அனுப்பாமல் விடுவது மேல் என்று இப்போது தோன்றுகிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் நோட்டோ தமிழ் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கிறது. விண்டோஸில் நிர்மலா இருக்கிறது. ஆப்பிள் சாதனங்களில் அவர்களுடைய தமிழ் எழுத்துருக்கள் இருக்கின்றன. வாசகர் நாள்தோறும் படித்துப் பழகிய எழுத்தில் உங்கள் கட்டுரை தெரியும். பதிவிறக்கக் காத்திருப்பு இல்லை. வந்த பிறகு எழுத்து மாறி வரிகள் குதிப்பதும் இல்லை. ஆறு மாதம் கழித்து, தளம் பழகிய பிறகு, விரும்பினால் மாற்றலாம்.

18 ஜனவரி

எழுத்துரு என்றதும் பழைய கதை ஒன்று நினைவுக்கு வந்து இரண்டு நாளாக விடவில்லை.

தமிழ்க் கணிமையின் தொடக்கத்தில் ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஒரு குறியேற்றம், அதாவது எந்த எண் எந்த எழுத்து என்ற கணக்கு, வைத்திருந்தது. பிறகு டிஸ்கி என்ற பொதுக் குறியேற்றம் வந்தது. 1999-இல் டாம், டாப் என்ற குறியேற்றங்கள் வந்தன. உலக மொழிகளுக்குப் பொதுவான ஒருங்குறியில் தமிழ் 1991-ஆம் ஆண்டின் முதல் பதிப்பிலேயே இடம்பெற்றிருந்தும், நம் கணினிகளில் அது பரவலாகப் புழங்கப் பல ஆண்டுகள் பிடித்தன. நான் அந்த இடைக்காலத்தில் எழுதியவன். ஒரு குறிப்பிட்ட எழுத்துரு இருந்தால் மட்டுமே படிக்க முடிகிற குறியேற்றத்தில் நாற்பது பக்கங்களுக்கு மேல் எழுதி வைத்திருந்தேன். கணினி மாறியது, எழுத்துருக் கோப்பு தொலைந்தது. பக்கத்தைத் திறந்தால் பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளும் வரிசையாக நின்றன. சிலவற்றைக் குறிமாற்றிகள் மூலம் மீட்டேன். மீட்க முடியாமல் போனவற்றுள் என் ஆசிரியர் ஒருவரைப் பற்றி எழுதிய கட்டுரையும் உண்டு. அதை மறுபடி எழுத உட்கார்ந்தபோது அன்று நினைவிலிருந்த சொற்கள் வரவில்லை.

ஆகையால், பக்கத்தின் தலைப்பகுதியில் குறியேற்றம், ஒருங்குறியின் வடிவமான யு.டி.எஃப்-8 என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கோப்பையும் அதே குறியேற்றத்தில் சேமியுங்கள். மொழி தமிழ் என்பதையும் அங்கேயே குறிப்பிடுங்கள். உங்கள் வார்ப்புருவில் அது ஆங்கிலம் என்று இருக்கிறது. வெளியே எந்த மாற்றமும் தெரியாததால் யாரும் கவனிப்பதில்லை. என்.வி.டி.ஏ. போன்ற திரைவாசிப்பான், எந்தக் குரலில் படிப்பது என்பதை அந்தக் குறிப்பை வைத்தே முடிவு செய்கிறது. தமிழைத் தமிழாகச் சொல்ல அதற்கு நாம் சொல்ல வேண்டியது இரண்டு எழுத்து மொழிக்குறி மட்டும்.

கட்டுரைகளின் மூலப்பிரதியை வெற்று உரைக் கோப்பாகத் தனியே வைத்திருங்கள். தளம் போனாலும் எழுத்து இருக்கும்.

19 ஜனவரி

முகவரிகளில் தமிழ் வைக்கலாமா என்று கேட்டீர்கள். மனம் வைக்கலாம் என்கிறது. உலாவியின் முகவரிப் பட்டையில் தமிழைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மகிழ்ச்சிதான். ஆனால் அதை நகலெடுத்து ஒருவருக்கு அனுப்பும்போது பலநேரம் அது சதவீதக் குறிகளாக விரிந்துவிடும். ‘தமிழ்’ என்ற சொல்லில் ஐந்து குறிகள், ஒவ்வொன்றும் யு.டி.எஃப்-8-இல் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் மூன்று எழுத்தாகும். ஆக, மூன்றெழுத்துச் சொல் 45 எழுத்து நீளமாகிவிடும். உங்கள் தலைப்புகளில் ஐந்தாறு சொற்கள் இருக்கின்றன. பெற்றவர் அது ஏதோ மோசடி இணைப்பு என்று நினைத்துத் திறக்கவே மாட்டார்.

சுருக்கமான ரோமன் எழுத்து முகவரி அல்லது எண் வையுங்கள். வைத்த பிறகு மாற்றாதீர்கள்.

22 ஜனவரி

படங்கள். கைப்பேசியில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றியிருக்கிறீர்கள்: 4000 பிக்சல் அகலம், ஒவ்வொன்றும் மூன்று நான்கு மெகாபைட். உங்கள் பத்தியின் அகலம் 700 பிக்சல்கூட இல்லை. அடர்த்தியான திரைகளுக்காக இரட்டிப்பாக்கினாலும் 1400 போதும். அந்த அகலத்துக்குச் சுருக்கி, ஜேபெக் அல்லது வெப்பி வடிவில் சேமித்தால் சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்கும். படத்தின் அகலம், உயரம் இரண்டையும் எச்.டி.எம்.எல்.-இலேயே எழுதுங்கள். எழுதினால் உலாவி முன்கூட்டியே இடம் ஒதுக்கும். இல்லாவிட்டால், நான் மூன்றாவது வரியில் இருக்கும்போது மேலே படம் வந்து விழுந்து வரியைக் கீழே தள்ளிக்கொண்டு போகும். உங்கள் தளத்தில் எனக்கு நான்கு முறை நடந்தது.

படத்துக்குப் பதிலாகப் படிக்கப்படும் மாற்று உரை எல்லாவற்றிலும் ‘படம்’ என்று இருக்கிறது. உங்கள் தொழில்நுணுக்கம் வெளிப்பட வேண்டிய இடமே அதுதான். ‘பின்மூடி திறந்த கைக்கடிகாரம், சமன்சக்கரத்தின் மேல்தாங்கியில் இரண்டு திருகுகள், ஒன்று பாதி வெளியே’ என்று எழுதினால், படம் வராதவருக்கும் பார்க்க இயலாதவருக்கும் கட்டுரை முழுதாகக் கிடைக்கும். என் கண்ணுக்கும் அந்தப் பாதித் திருகு, கட்டுரையில் நீங்கள் விளக்கிய பிறகுதான் தெரிந்தது.

முகப்பிலிருந்த பெரிய படத்தை என்ன செய்வது என்று வருத்தப்பட வேண்டாம். மூன்றாம் கட்டுரையின் நடுவில் அதற்கு ஓர் இடம் காத்திருக்கிறது.

23 ஜனவரி

முகப்பு: ‘என் தளத்துக்கு உங்களை அன்போடு வரவேற்கிறேன்’ என்று தொடங்கும் பத்தியை முழுதாக எடுத்துவிடலாம். வந்தவருக்குத் தெரிய வேண்டியது மூன்று. இவர் யார், எதைப் பற்றி எழுதுகிறார், எதிலிருந்து தொடங்கலாம். ‘சாவி கொடுக்கும் பழைய கைக்கடிகாரங்களைப் பழுதுபார்க்கிறேன். கற்றுக்கொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்’ என்று நீங்கள் ஆறாம் கட்டுரையின் இறுதியில் எழுதியிருக்கும் இரண்டு வாக்கியங்களே போதும். அதன் கீழ் பதினொரு தலைப்புகளையும் தேதியோடு வரிசையாகப் போடுங்கள். பதினொன்றுக்கு வகைப்பாடு, குறிச்சொல், தேடல் பெட்டி எதுவும் வேண்டாம். மேல்பட்டியில் ஏழு பொத்தான்கள் இருக்கின்றன. அவற்றில் மூன்று ‘விரைவில்’ என்கின்றன. இருப்பதை மட்டும் காட்டுங்கள்.

27 ஜனவரி

இன்னொரு திருத்தம். வெள்ளை மேல் தூய கறுப்பு கண்ணை உறுத்தும் என்று நடுவில் ஒருமுறை சொல்லியிருந்தேன். நேற்று பகல் வெளிச்சத்தில் வெளியே நின்று அதே பக்கத்தைப் படித்தேன். தூய கறுப்புதான் தெளிவாக இருந்தது. நான் பரிந்துரைத்த மென்சாம்பல் தோற்றது. உறுத்தல் என்று நான் எண்ணியது இருட்டறையில் ஒளியை முழுதாக ஏற்றி வைத்துக்கொண்டு படித்ததால் வந்தது. அது என் அறையின் சிக்கல், உங்கள் பக்கத்தின் சிக்கல் இல்லை. ஆழ்ந்த கறுப்பு எதுவானாலும் சரி. விகிதம் 7-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இருள்நிலை கேட்பவர்களுக்கு, அவர்களுடைய சாதன அமைப்பைப் பார்த்துத் தானாக மாறும்படி சி.எஸ்.எஸ்.-இல் சில வரிகள் சேர்த்தால் போதும். கருநீலம் பிடிக்கும் என்றீர்களே, அங்கே அதைப் பயன்படுத்தலாம். எழுத்து மட்டும் வெளிர் நிறமாக இருக்கட்டும்.

3 பிப்ரவரி

ஒரு சோதனை சொல்கிறேன். கடிகாரம் பற்றி எதுவும் தெரியாத ஒருவரை அருகில் உட்காரவைத்து, அவருடைய கைப்பேசியிலேயே உங்கள் பக்கத்தைத் திறந்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பேசக்கூடாது. விளக்கக்கூடாது. எங்கே குரல் தயங்குகிறது, எங்கே விரல் தேடுகிறது, எங்கே கண்ணைச் சுருக்குகிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதைச் செய்வது எளிதில்லை. என் தங்கையை வைத்து நான் செய்தபோது, அவள் ‘முகப்பு’க்குத் திரும்பும் வழி தெரியாமல் ஒரு நிமிடம் தடவிக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாம் என்று நாக்கின் நுனிவரை வந்தது. மேலே ஒரு சிறு வீட்டுப் படம் இருந்தது. அதைத் தொட்டால் முகப்பு. அது வீடு என்பதே அவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் அந்த இடத்தில் ‘முகப்பு’ என்ற சொல்லையே எழுதினேன். விரலுக்கு இடமும் கொடுத்தேன். 2023-இல் வந்த வழிகாட்டிப் பதிப்பு, தொடும் இடம் குறைந்தது 24 பிக்சல் சதுரம் இருக்க வேண்டும் என்கிறது. 44 இருந்தால் நல்லது.

11 பிப்ரவரி

உங்கள் அண்டை வீட்டுக்காரர் நான்காம் கட்டுரையை இடைநிற்காமல் படித்து முடித்தார் என்று எழுதியிருந்தீர்கள். சக்கர அச்சைத் தாங்கும் சிறு கல்லைக் குறிக்கும் ‘தாங்குகல்’ என்ற சொல்லில் மட்டும் நின்றார் என்றும். அங்கே வடிவமைப்பால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு வாக்கியம் சேருங்கள்.

12 பிப்ரவரி, இரவு

சேர்த்த வாக்கியம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் திறந்தேன். நான்காம் கட்டுரையில் தொடங்கி ஏழாவது வரை போய்விட்டேன். வரி இடைவெளி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று பார்க்க மறந்துவிட்டேன்.

என் அலமாரியில் ஒரு பழைய கைக்கடிகாரம் நெடுநாளாக நின்று கிடக்கிறது. படித்த கையோடு எடுத்துச் சாவி கொடுத்துப் பார்த்தேன். எவ்வளவு திருகினாலும் முட்டி நிற்காமல் சுற்றிக்கொண்டே போகிறது. லேசாகக் குலுக்கினால் முள் நாலைந்து நொடி நகர்ந்து நிற்கிறது. ஐந்தாம் கட்டுரையில் நீங்கள் சொல்லும் சுருள்வில் அறுந்த நிலை இதுதானா? பின்மூடியை நானே திறக்கலாமா, அல்லது தொடாமல் வைத்திருக்கவா?